அதே அறுநூற்று நாற்பத்தெட்டு

இமெல்டாவுக்கு எண்ணத் தெரியும். அவளைத் தெரிந்தவர்கள் அவளைப் பற்றி முதலில் சொல்வது அதைத்தான்.

மொன்றியல் நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில், மருந்துப் போத்தல்களைப் பெட்டிகளில் அடைத்து அனுப்பும் தொழிற்சாலை ஒன்றில் அவள் பதினொரு வருடமாக வேலை செய்கிறாள். வெள்ளை அங்கி, தலைக்கு வலை, காலுக்கு நீல உறை. வேலை முடியும் நேரம் அன்றைய எண்ணிக்கைத் தாளை நிரப்புவது அவள் பொறுப்பு. இத்தனை வருடத்தில் அவள் நிரப்பிய ஒரு தாளும் திரும்பி வந்ததில்லை. திருகோணமலைப் பெண் கௌசலா புதிதாகச் சேர்ந்த வாரம், தான் எழுதிய தாளை இமெல்டாவிடம் நீட்டினாள். இமெல்டா மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"பிள்ளை, நீ பெட்டியை எண்ணியிருக்கிறாய். ஆறு போத்தல் பெட்டியும் ரெண்டு போத்தல் பெட்டியும் உனக்கு ஒண்டோ? போத்தலை எண்ணு."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அது அங்கே ஒரு பகிடியாகிவிட்டது. யாராவது எதையாவது பிழைவிட்டால் போதும், "பெட்டியோ, போத்தலோ?" என்று கேட்பார்கள்.

அந்தப் பெருமையோடுதான் இமெல்டா ஒவ்வொரு நாளும் இரண்டு பஸ்ஸும் ஒரு மெட்ரோவும் மாறி லாசாலில் உள்ள தன் வீட்டுக்குத் திரும்புவாள். மூன்றாம் மாடியில் இரண்டறை வீடு. கணவன் மரியதாசன் பண்டகசாலையொன்றில் வேலை. வார்த்தைகளைச் சில்லறை போல எண்ணிக் கொடுக்கும் மனிதன். ஒரே மகள் றொஷினி, செகண்டரி ஐந்து, அதாவது உயர்பள்ளியின் கடைசி வருடம். அதைத் தாண்டினால் சீஜெப் எனும் கல்லூரி. அங்கே றொஷினிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: தாதியர் படிப்பு.

அந்த ஆசை எங்கே முளைத்தது என்று இமெல்டாவுக்குத் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன் பித்தப்பைக் கல் என்று அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவளுக்கும் தாதிமாருக்கும் நடுவில் நின்று ஒவ்வொரு சொல்லையும் இரண்டு பக்கமும் சுமந்தவள் பன்னிரண்டு வயது றொஷினி. "எங்கே நோகுது?" என்று தாதி கேட்பாள். பிள்ளை திரும்பித் தாயைக் கேட்கும். தாய் சொல்வதைக் கேட்டுப் பிள்ளையின் கண் கலங்கும். கலங்கிய கண்ணோடு குரல் நடுங்காமல் பிரெஞ்சில் சொல்லும். மூன்றாம் நாள் வீடு திரும்பும்போது காருக்குள் சொன்னாள்: "அம்மா, நான் நேர்ஸாத்தான் வருவன்." அன்றைக்கே அதை இமெல்டா நேர்த்திக்கடன் போல மனதில் முடிந்துகொண்டாள்.

இனி அந்தக் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இமெல்டா மன்னாரில் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அங்கே தவணை றிப்போட்டின் அடியில் மூன்று கோடுகள் இருக்கும்: மொத்தம், சராசரி, நிலை. வீட்டுக்கு வரும் எவரும் கேட்பது முதல் கோட்டைத்தான். "மொத்தம் எவ்வளவு?" மொன்றியல் பள்ளிக்கூடம் மொத்தமும் போடுவதில்லை, நிலையும் போடுவதில்லை. பாடத்தின் பெயர், பக்கத்தில் புள்ளி, அதற்கும் பக்கத்தில் ஏதோ ஒரு சின்ன இலக்கம்: ஆறு, நாலு, இரண்டு. கிழமைக்கு எத்தனை பாடவேளை என்று போட்டிருக்கிறார்கள் போலும் என எண்ணி இமெல்டா அதை விட்டுவிட்டாள். புள்ளிகளை மட்டும் நீல அட்டைக் கொப்பியொன்றில் இறக்கி, கூட்டி, பாடங்களின் தொகையால் பிரித்து, சிவப்புப் பேனையால் இரண்டு கோடு கீறுவாள். பிறகு பக்கத்து நகரமான லவாலில் இருக்கும் மச்சாள் றோசலினுக்குப் போன் எடுப்பாள். றோசலின் மரியதாசனின் அக்கா. அவளுடைய மகன் நிஷானும் இரண்டு வருடத்துக்கு முன் அதே கல்லூரியில் அதே தாதியர் படிப்புக்குத்தான் எடுபட்டான்.

மாசி மாதம் றிப்போட் வந்தது. எட்டுப் பாடம். பிரெஞ்சு 67, கணக்கு 64, இரசாயனம் 70, ஆங்கிலம் 84, சங்கீதம் 96, விளையாட்டு 92, குடியுரிமை 90, சமகால உலகம் 85. இமெல்டா கூட்டினாள். அறுநூற்று நாற்பத்தெட்டு. எட்டால் பிரித்தாள். எண்பத்தொன்று, மிச்சமே இல்லாமல்.

"மச்சாள், நிஷானுக்கு அப்ப எவ்வளவு?" என்று போனில் தெரியாதவள் போலக் கேட்டாள்.

"அறுநூற்று நாப்பது. எண்பது வீதம். அதோடதானே எடுபட்டவன். ஏன் கேக்கிறியள்?"

"சும்மாதான். றொஷினிக்கு எட்டு மார்க் கூட."

"நல்லது," என்றாள் றோசலின். "அதுக்குள்ள ஆட்டமும் பாட்டும் எவ்வளவு?"

"மார்க் மார்க்தானே மச்சாள்."

அந்த நியாயத்தை இமெல்டா அன்று முதல்தடவையாகச் சொல்லவில்லை. கார்த்திகை மாதம் கணக்கு ஆசிரியர் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்குச் செவ்வாயும் வியாழனும் பள்ளிக்கூடம் விட்டதும் மேலதிக வகுப்பு. சம்மதமா, இல்லையா என்று ஒரு கட்டத்தில் புள்ளடி போட்டுக் கையொப்பம் வைக்க வேண்டும். அதே செவ்வாய், அதே வியாழன்தான் பள்ளிக்கூட வாத்தியக் குழுவின் பயிற்சியும். றொஷினி குழுவில் கீபோட் வாசிப்பவள்.

"நான் கணக்குக்குப் போகட்டோ அம்மா?" என்று அவள் கேட்டாள்.

"கணக்கில அறுபத்திநாலை எழுபதாக்க நீ நாய்படாப்பாடு பட வேணும். சங்கீதத்தில இன்னும் கொஞ்சம் வாசிச்சா நூறு வரும். எங்கை லேசா வருதோ அங்கை எடு பிள்ளை. மொத்தத்துக்கு எல்லாம் ஒண்டுதான்."

இல்லை என்ற கட்டத்தில் புள்ளடி போட்டு, தன் அழகான கையெழுத்தில் பெயரையும் எழுதினாள்.

எண்பத்தொன்றைக் கொண்டாட, அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் ஐம்பது றோல்ஸும் ஒரு கேக்கும் வைத்தாள். "பிறந்தநாளோ?" என்றவர்களுக்கு, "இல்லை, மகள் நேர்சிங் போறா" என்றாள். விண்ணப்பம் அனுப்பி இன்னும் ஒரு கிழமை ஆகவில்லை. மரியதாசன் மட்டும் றோல்ஸைக் கடித்தபடி, "கடிதம் வந்திட்டுதோ?" என்று கேட்டான். இமெல்டா பார்த்த பார்வையில் மிச்ச றோல்ஸைப் பேசாமல் விழுங்கினான்.

கடிதம் சித்திரையில் வந்தது. கடிதமென்றும் சொல்ல முடியாது, றொஷினியின் போனில் நாலு வரி. இமெல்டா சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். மகள் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, என்னை எடுக்கேல்லை."

அரிசிக்குள் இருந்த கை அப்படியே நின்றது.

"சராசரி காணாதாம். எழுபத்தாறாம்."

"எழுபத்தாறோ? ஆரின்ரை எழுபத்தாறு?" இமெல்டா ஈரக் கையைத் துடைக்காமலே கொப்பியை எடுத்து வந்து விரித்தாள். சிவப்புக் கோட்டுக்கு மேல் எண்பத்தொன்று கம்பீரமாக நின்றது. தண்ணீர் சொட்டிப் பிரெஞ்சுப் புள்ளி கரைந்தது. "பிழையாக் கூட்டிப் போட்டாங்கள். வேறை ஒரு பிள்ளையின்ரை கணக்கை உனக்குப் போட்டிட்டாங்கள். நாளைக்கு நான் லீவு. வாறன் உன்ரை பள்ளிக்கூடத்துக்கு."

"பள்ளிக்கூடத்தைப் பெயிலாக்கப் போறியோ?" என்றான் மரியதாசன்.

"ஓம். தேவையெண்டா அதுவும் செய்வன்."

மறுநாள் காலை ஞாயிற்றுக்கிழமைக்கு உடுக்கும் சேலையை உடுத்தி, மேலே குளிர்ச்சட்டையைப் போட்டு, கொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி வழிகாட்டல் ஆலோசகர் மடம் கனியோனின் அறையில் போய் உட்கார்ந்தாள் இமெல்டா. நரைத்த குட்டை முடியும் மெல்லிய புன்னகையும் கொண்ட பெண்மணி அவர்; பிரெஞ்சில் 'மடம்' என்றால் அம்மையார். பதினொரு வருடத் தொழிற்சாலைப் பிரெஞ்சில் இமெல்டாவுக்குப் பெட்டி தெரியும், போத்தல் தெரியும், இலக்கங்கள் எல்லாம் தெரியும், வாதாடப் போதாது. ஆகவே அன்றும் நடுவில் றொஷினிதான். ஐந்து வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் நின்றதுபோலவே நின்றாள். இந்தமுறை நோவு அவளுடையது.

"கேள் பிள்ளை, எப்படி எழுபத்தாறு வந்ததெண்டு கேள்."

றொஷினி கேட்டாள். மடம் கனியோன் கொப்பியை வாங்கிப் பார்த்தார். நேரான கோடுகளையும் சுத்தமான இலக்கங்களையும் பார்த்து, மெய்யாகவே வியந்து, கூட்டல் சரி என்றார். பிறகு றிப்போட்டைத் தன் திரையில் திறந்து, இமெல்டா ஐந்து வருடமாகக் கவனிக்காமல் விட்ட அந்தச் சின்ன இலக்கங்களின் மேல் பேனையை வைத்தார். பிரெஞ்சு ஆறு, கணக்கு ஆறு, இரசாயனம் நாலு, ஆங்கிலம் நாலு, மற்ற நாலு பாடமும் இரண்டு இரண்டு.

"அது யூனிட் அம்மா," என்றாள் றொஷினி. "ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தினை யூனிட் எண்டு. சராசரி எடுக்கேக்கை..." அவளுக்குத் தமிழ் முட்டுப்பட்டது. "அதாலை பெருக்குவினமாம்."

"என்னத்துக்குப் பெருக்க வேணும்?"

றொஷினி கையை விரித்தாள். மடம் கனியோன் ஏதோ வரைபடம் கீற ஆரம்பித்தார். இமெல்டா அதைப் பார்க்கவில்லை. அவள் கண்கள் அந்த வரிசையிலேயே நிலைத்திருந்தன. ஆறு, ஆறு, நாலு, நாலு, இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டு. எங்கேயோ பார்த்த வரிசை. ஒவ்வொரு நாளும் பார்க்கிற வரிசை. ஆறு போத்தல் பெட்டி. நாலு போத்தல் பெட்டி. இரண்டு போத்தல் பெட்டி.

அவள் கொப்பியைத் திரும்பத் தன் பக்கம் இழுத்தாள்.

"நான் பெட்டியை எண்ணியிருக்கிறன்," என்றாள் மெதுவாக.

மேசையில் கிடந்த பேனையை எடுத்தாள். ஆலோசகரின் தாளிலேயே போடத் தொடங்கினாள். அறுபத்தேழை ஆறால், அறுபத்துநாலை ஆறால், எழுபதை நாலால். கல்குலேட்டர் வேண்டியிருக்கவில்லை. இரண்டாயிரத்து நூற்று இருபத்தெட்டு. இருபத்தெட்டு யூனிட்டால் பிரித்தாள். எழுபத்தாறு. மிச்சமே இல்லாமல்.

மகள் சங்கீதத்தில் வாங்கிய தொண்ணூற்றாறு இரண்டே இரண்டு போத்தல். கணக்கின் அறுபத்துநாலு ஆறு போத்தல். நிஷான் எடுபட்டது எப்படியென்றும் அந்தக் கணமே விளங்கியது. அவன் கணக்கில் புலி, பாட்டில் பூச்சியம். அவனுடைய புள்ளிகள் எல்லாம் பெரிய பெட்டிக்குள் இருந்தன.

மடம் கனியோன் கோப்பிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். கார்த்திகைக் கடிதம். இல்லை என்ற கட்டத்தில் புள்ளடி. கீழே அவளுடைய அழகான கையெழுத்து. மேலதிக வகுப்பு இருந்ததே, ஏன் வேண்டாமென்றீர்கள் என்று ஆலோசகர் இருவரையும் பார்த்துக் கேட்டார். அந்தப் பிரெஞ்சு இமெல்டாவுக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கிற்று.

றொஷினி தாயின் பக்கம் திரும்பவில்லை.

"செ முவா," என்றாள்.

நான்தான். நான்தான் வேண்டாமென்றேன். அம்மா என் சொல்லைக் கேட்டுத்தான் கையொப்பம் வைத்தா.

ஒரு தாய் தன் பிள்ளைக்காகப் பழி ஏற்பது உலகத்தில் புதினமில்லை. அன்று லாசாலில், ஒரு சின்ன அறைக்குள், பதினேழு வயதுப் பிள்ளை தாய்க்காகப் பழி ஏற்றது. இமெல்டா அழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, தன்னிடமிருந்த அத்தனை பிரெஞ்சையும் திரட்டினாள்.

"நோ, மடம். செ முவா." தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "முவா, லா மமோன்." நான், இந்தத் தாய்.

மடம் கனியோன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தத் தாளைத் திரும்பக் கோப்புக்குள் வைத்து மூடிவிட்டு, மெதுவாகப் பேசினார். றொஷினி சொன்னாள்: "அம்மா, ஜூன் முடிவிலை சில இடம் காலியாகுமாம். வேறை இடத்துக்குப் போற பிள்ளையளின்ரை இடம். அதுக்குக் கடைசி றிப்போட்டைப் பாத்து எடுப்பினமாம். போன வருசம் எடுபடுற கோடு எழுபத்தொன்பதிலை நிண்டதாம்."

"மூண்டு," என்றாள் இமெல்டா. "மூண்டை இருபத்தெட்டாலை பெருக்கினா எண்பத்துநாலு போத்தல்."

"என்ன அம்மா?"

"வா, வீட்டை போவம்."

பஸ் தரிப்பில் பனி கரைந்து ஓடியது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். "பிள்ளை," என்றாள் இமெல்டா, எதிரே பார்த்தபடி, "நான் உனக்குப் பெரிய பிழை செய்திட்டன்." றொஷினி தாயின் குளிர்ச்சட்டைப் பைக்குள் தன் கையை நுழைத்துக்கொண்டாள். குழந்தையாக இருந்தபோது செய்தது போல.

அன்று பிற்பகலே நீலக் கொப்பியில் புதுப் பக்கம் திறந்தது. இந்தமுறை மூன்று வரிசை: புள்ளி, யூனிட், போத்தல். கணக்கில் ஒரு புள்ளி ஏறினால் ஆறு போத்தல். சங்கீதத்தில் ஒரு புள்ளி இறங்கினால் இரண்டுதான் போகும். வாத்தியக் குழுவைவிட்டு றொஷினி விலகினாள். செவ்வாயும் வியாழனும் கணக்கு வகுப்பு. பெண்கள் பந்துக் குழுவில் அவள் விளையாடுவதும் நின்றது. அதைவிடப் பெரிய தியாகம் ஒன்று பாக்கியிருந்தது. ஞாயிறு தமிழ்ப் பூசையில் கீபோட் வாசிப்பவளும் றொஷினிதான். பீடத்துக்குப் பக்கத்தில் மகள் வாசிக்க, மூன்றாம் வரிசை வாங்கில் இமெல்டா கண்ணை மூடிக்கொண்டு இருப்பதுதான் அவள் வாழ்க்கையின் இன்பம். சனிக்கிழமைப் பயிற்சியும் ஞாயிற்றுக் காலையும் சேர்ந்து ஆறு மணித்தியாலம். இமெல்டா தானே போய்ப் பங்குச் சுவாமியிடம் ஜூன் வரைக்கும் விடுதலை கேட்டாள்.

மண்டபத்தில் றோசலின் அவளைப் பிடித்தாள். லவாலிலிருந்து காரில் வந்து முன்வாங்கில் இருப்பவள்.

"என்ன மச்சாள், பிள்ளையைக் கோயிலாலையும் நிப்பாட்டிப் போட்டியளாம். நேர்சிங் என்ன மாதிரி? றோல்ஸ் சாப்பிட்ட ஆக்கள் கேக்கினம்."

சுற்றி நின்றவர்களின் தேத்தண்ணிக் கோப்பைகள் எல்லாம் அப்படியே நின்றன. ஒரு வருடத்துக்கு முன்னென்றால் இமெல்டா எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பாள்.

"எடுக்கேல்லை மச்சாள். எழுபத்தாறுதான் வந்தது. நான் பிழையாக் கூட்டினன்."

"நீங்களோ? நீங்கள் எண்ணுறதிலை கெட்டிக்காரியெல்லோ."

"அதுதான் பிழைச்சுப் போச்சு." இமெல்டா சிரித்தாள். சிரிக்கும்போது உதடு நடுங்கியது. அதையும் எல்லோரும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். "ஜூனிலை திரும்பக் கூட்டுவன்."

பிரெஞ்சுதான் கடினம். அதுவும் ஆறு போத்தல் பெட்டி. எழுத்துப் பிழைகளில்தான் றொஷினியின் புள்ளிகள் ஒழுகிக்கொண்டிருந்தன. சொல்வதெழுதுதல் பழக ஆள் வேண்டும். மரியதாசன் வேலையால் வரப் பிந்தும். ஆகவே வாசிக்கும் வேலையை இமெல்டா எடுத்தாள். வீட்டில் பிரெஞ்சுப் புத்தகம் அதிகமில்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத் தாள்கள் இருந்தன. இரவுச் சாப்பாட்டுக்கு முன் இருமல் மருந்தின் எச்சரிக்கைகளை அவள் உரத்து வாசிப்பாள், றொஷினி எழுதுவாள். இமெல்டாவின் வாயில் அந்தப் பிரெஞ்சு மன்னார்க் கடற்கரையில் உப்புக்காற்றுப் பட்டது போல இருக்கும். முதல் நாள் றொஷினி சிரித்துச் சிரித்து மேசையில் சாய்ந்துவிட்டாள்.

"அம்மா, நீங்கள் வாசிக்கிற மாதிரி எழுதினா எனக்குப் பூச்சியம்தான்."

"அப்ப நான் வாசிக்கிறதை விட்டிட்டுச் சரியானதை எழுது. நேர்ஸுக்கு நோயாளி சொல்லுறது எல்லாம் தெளிவாக் கேக்குமோ? நான்தான் உன்ரை முதல் நோயாளி."

றொஷினி சிரிப்பை நிறுத்தித் தாயைப் பார்த்தாள். பிறகு பேனையை எடுத்தாள். வைகாசி முடிவதற்குள் நெஞ்செரிவு, தலையிடி, சத்தி, ஒவ்வாமை எல்லாவற்றையும் பிழையில்லாமல் எழுதினாள். மரியதாசன் ஒருநாள் வந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு இந்த வருத்தமெல்லாம் இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்று போய்ப் படுத்தான்.

எல்லாம் நேராக ஏறிப் போகவில்லை. ஒரு கணக்குச் சோதனையில் ஐம்பத்தெட்டு வந்தது. றொஷினி புத்தகத்தை மூடிவிட்டு, இனி முடியாது, ஏதாவது வேறு படிப்புக்குப் போகிறேன் என்றாள். இமெல்டா அவளைத் திட்டவுமில்லை, தேற்றவுமில்லை. சோதனைத் தாளை எடுத்து ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்தாள். அவளுக்கு அதில் ஒன்றும் விளங்காது. சிவப்புக் கோடுகள் எங்கே நிற்கின்றன, பக்கத்தில் ஆசிரியர் எதைத் திருத்தியிருக்கிறார் என்று மட்டும் பார்த்து எண்ணினாள்.

"ஒம்பது இடத்திலை வெட்டியிருக்கு. அதிலை ஆறு இடத்திலை ஒரே பிழை. பார். ஒவ்வொருக்காலும் இந்தக் கழித்தல் அடையாளத்தை விட்டிருக்கிறாய். ஒரு பிழைதான் பிள்ளை. ஆறு தரம் விட்டிருக்கிறாய்."

றொஷினி தாளைத் தன் பக்கம் இழுத்தாள். வெகுநேரம் பார்த்தாள். புத்தகம் மறுபடி திறந்தது.

ஜூன் மாதக் கடைசி வெள்ளி, இமெல்டாவுக்கு விடுமுறை. கடைசி றிப்போட் வந்தது. றொஷினி போனை மேசையில் வைத்துவிட்டு, "நீங்களே பாருங்கோ அம்மா, எனக்குப் பயம்" என்று கதிரையில் காலை மடித்துக்கொண்டு இருந்தாள். இமெல்டா புள்ளிகளை இறக்கினாள். பிரெஞ்சு 73. கணக்கு 77. அதைக் கண்டு "மாதாவே" என்றாள். இரசாயனம் 74. ஆங்கிலம் அசையாமல் 84. சங்கீதம் 87. விளையாட்டு 86. குடியுரிமை 86. சமகால உலகம் 81.

கை பழைய பழக்கத்தில் தானாகவே கூட்டிவிட்டது.

அறுநூற்று நாற்பத்தெட்டு.

திரும்பவும் கூட்டினாள். அதே அறுநூற்று நாற்பத்தெட்டு. ஏறியது இருபத்துமூன்று, இறங்கியதும் இருபத்துமூன்று. மூன்று மாதம். வாத்தியக் குழு, பந்து, கோயில், இருமல் மருந்து, கண்ணீர், எல்லாம் போட்டுக் கூட்டியும் அதே எண்பத்தொன்று. பேனை கையிலிருந்து நழுவியது.

"அம்மா," என்றாள் றொஷினி. தாயின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குரலில் ஒரு சிரிப்பு பொங்கி வந்துகொண்டிருந்தது. "நீங்கள் திரும்பவும் பெட்டியை எண்ணுறியள்."

இமெல்டா பேனையைத் தேடி எடுத்தாள். இந்தமுறை இருவரும் சேர்ந்து போட்டார்கள். தாய் பெருக்க, மகள் எழுத. நானூற்று முப்பத்தெட்டு. நானூற்று அறுபத்திரண்டு. இருநூற்றுத் தொண்ணூற்றாறு. கீழே வரவர இமெல்டாவின் குரல் உயர்ந்தது. இரண்டாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. இருபத்தெட்டால் பிரிக்க எழுபத்தொன்பது. மிச்சமே இல்லாமல், கேட்ட எண்பத்துநாலு போத்தலும் ஒன்றும் உடையாமல் வந்து சேர்ந்திருந்தன.

இந்தமுறை றோல்ஸ் இல்லை, கேக் இல்லை. "கடிதம் வரட்டும்," என்றாள் இமெல்டா. எழுபத்தொன்பது போன வருடத்துக் கோடு. இந்த வருடக் கோடு எங்கே நிற்குமென்று ஒருவருக்கும் தெரியாது. மரியதாசனிடம் மட்டும் சொன்னார்கள். அவன் கொப்பியை வாங்கி வரிசை வரிசையாக வாசித்துவிட்டு, மகளின் தலையில் கையை வைத்தான். அந்தக் கை அங்கே கொஞ்ச நேரம் இருந்தது.

பத்து நாள் போனது. தொழிற்சாலை வரிசையில் நிற்கும்போது போன் வைத்திருக்கக்கூடாது. அலுமாரியில் பூட்டிவிட வேண்டும். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் இமெல்டா தலைவலையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தாள். கௌசலா முன்னால் ஓடி வந்தாள்.

"அக்கா, வாசலிலை உங்கடை மகள் நிக்கிறா."

இமெல்டாவின் கால்கள் ஓட மறந்தன. பிறகு நினைவு வந்து ஓடின. வெயிலில், கம்பி வேலிக்கு அந்தப் பக்கத்தில், லாசாலிலிருந்து இரண்டு பஸ்ஸும் ஒரு மெட்ரோவும் ஏறி வந்த பிள்ளை நின்றாள். கையில் போன். முகத்தில் அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. ஒரு கணம் இமெல்டாவுக்கு எல்லாம் போய்விட்டதென்றே தோன்றியது.

"ஏன் பிள்ளை இவ்வளவு தூரம்?"

"போன் எடுத்தா நீங்கள் எடுக்க மாட்டியள். அம்மா, எடுத்திட்டினம். ஓகஸ்ட்டிலை தொடங்குது."

இமெல்டா கம்பிக்குள்ளால் கையை நீட்டி மகளின் முகத்தைப் பிடித்தாள். சித்திரையில் அழாமல் விட்ட கண்ணீர் அன்றுதான் வந்தது, தடையில்லாமல், கன்னம் வழியாக, வெள்ளை அங்கியின் கழுத்துக்குள். பின்னால் சாப்பாட்டுப் பெட்டிகளோடு நின்ற பெண்களுக்குக் கௌசலா பிரெஞ்சில் சொன்னாள். ஹெயிட்டிக்காரி ஒருத்தி கையைத் தட்டினாள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். காவலாளி வாசலைத் திறந்துவிட்டான். தாயும் மகளும் வேலி இல்லாமல் கட்டிப்பிடித்தார்கள்.

"அக்கா," என்றாள் கௌசலா, தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெட்டியோ, போத்தலோ?"

"போத்தல், பிள்ளை," என்றாள் இமெல்டா. "ஆறு போத்தல்."

மணி அடிக்க இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. வாசல் மதில் நிழலில் மகளின் போனை வாங்கி லவாலுக்கு எடுத்தாள். றோசலின் முழுவதையும் கேட்டாள். "நிஷானோடை ஒண்டாப் போய் வரட்டும், அவன் காரிலை வந்து ஏத்துவான்" என்றாள். குரல் கொஞ்சம் தழுதழுத்திருந்தது. உடனே அதை மறைத்துக்கொண்டு கேட்டாள்:

"அப்ப மச்சாள், மொத்தம் இந்தமுறை நல்லா ஏறியிருக்குமே. எவ்வளவு?"

இமெல்டா மகளைப் பார்த்தாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதே அறுநூற்று நாப்பத்தெட்டுத்தான் மச்சாள்," என்றாள் இமெல்டா. "ஒரு மார்க்கும் ஏறேல்லை. ஞாயிற்றுக்கிழமை கொப்பியைக் கொண்டு வாறன். றோல்ஸும் கொண்டு வாறன்."